உடல்நலப் பகுதி: குனிந்த தலையும் கூனிய தோளும்

கழுத்து நோ, தோள் உளைவு, பிடரி விறைப்பு என்று முறையிடாத வீடு இன்று நம்மவர் மத்தியில் இல்லை என்றே கூறலாம். முன்னொரு காலத்தில் இவை டென்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களின் முறைப்பாடுகளாக இருந்தன. இப்பொழுதோ ஜிம்னாசியத்தில் படிக்கும் பிள்ளையும் பிடரியைத் தடவுகின்றது, ஓய்வூதியம் பெறும் பாட்டனாரும் தோளைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றார். இருவர் கையிலும் பொதுவாக உள்ள பொருள் ஒன்று உண்டு. அதுதான் கைத்தொலைபேசி.

பழியை முழுவதும் அந்தச் சிறு கருவியின் மீது சுமத்திவிடுவது எளிது. ஆயினும் அது முழு உண்மையாகாது. ஆகவே இம்மாதம் இப்பகுதியில் கழுத்துக்கும் தோளுக்கும் கைத்தொலைபேசியால் நேர்வது யாது, அதற்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சிகள் யாவை, எந்த நோவைப் பயிற்சியால் தீர்க்க முயலாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும் என்பன ஆராயப்படுகின்றன. கடைசியாகக் கூறப்பட்டதே முக்கியமானது. பொறுமையில்லாதவர்கள் அதனை முதலில் வாசித்துக்கொள்ளலாம்.

மனிதனுடைய தலையின் நிறை ஏறத்தாழ 4.5 முதல் 5.5 கிலோ வரை இருக்கும். இச்சுமையைத் தாங்குவன கழுத்திலுள்ள 7 முள்ளெலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான். நீளம் மட்டுமே வேறு.) தலை நேராக இருக்கும்பொழுது அதன் பாரம் எலும்புகளின் வழியே கீழிறங்கிவிடுகின்றது; தசைகளுக்கு அதிக வேலை இல்லை. தலை முன்னே சரியும்பொழுதோ, அது விழுந்துவிடாமல் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. ஊரில் கிணற்றடியில் தண்ணீர் வாளி தூக்கியவர்களுக்கு இது விளக்கம் இன்றியே புரியும். வாளியை உடலோடு அணைத்துத் தூக்கினால் பாரம் தெரியாது. அதே வாளியைக் கையை நீட்டித் தூக்கினால் பத்து எட்டு வைக்குமுன் தோள் கடுக்கும்.

நியூயோர்க்கைச் சேர்ந்த முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டார். தலை 15 பாகை குனிந்தால் கழுத்தின் மீது விழும் விசை சுமார் 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 45 பாகையில் 22 கிலோ, 60 பாகையில் 27 கிலோ என்பது அவரது கணிப்பு. 10 கிலோ அரிசிப் பை இரண்டரைக்கும் மேல். இந்த எண்கள் உலகம் முழுவதும் பரவின. வட்ஸ்அப் வழியாகப் பலருக்கும் வந்திருக்கும். ஆனால் இவை மனிதரைக் கொண்டு அளந்து பெற்றவை அல்ல, கணினியில் அமைத்த மாதிரியொன்றின் மூலம் பெற்றவை என்ற செய்தி எண்களோடு சேர்ந்து பரவவில்லை.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் சிலர் 18 முதல் 21 வயதுக்குட்பட்ட இளைஞர் 150 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. தொலைபேசி பார்க்கையில் அதிகம் குனிபவர்களுக்குக் கழுத்து நோ அதிகம் என்று அவர்களால் காட்ட முடியவில்லை. குனிவோருக்கும் நோ இருந்தது, குனியாதோருக்கும் இருந்தது. இளம் உடல் பலவற்றைப் பொறுத்துக்கொள்ளும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளல் நன்று. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அதே முடிவு பொருந்துமென்று கொள்ள இவ்வாய்வில் இடமில்லை.

அப்படியாயின் குனிவதில் தவறே இல்லையா? சற்றுச் சிந்தித்தல் வேண்டும். தலை குனிந்து வேலை செய்வது மனித குலத்துக்குப் புதிதன்று. பனையோலையில் பாய் பின்னியவர்களும், நகை செய்த ஆசாரிமாரும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்களும் குனிந்தே இருந்தார்கள். ஆனால் பாய் பின்னியவர் இடையிடையே எழுந்து போய் ஓலை வார்ந்தார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார், தேங்காய் துருவினார், கப்பியில் கயிற்றை இழுத்து நீர் அள்ளினார். கழுத்து குனிந்தாலும் தோளுக்கு நாள் முழுவதும் வேலை இருந்தது. இன்று அந்த வேலைகள் யாவும் போய்விட்டன. தண்ணீர் குழாயில் வருகின்றது, தேங்காய்ப்பூ பொதியில் வருகின்றது. எஞ்சியிருப்பது அசையாத குனிவு மட்டுமே. உண்மையான குற்றவாளி குனிவைவிட அசைவின்மை என்பதே பெரும்பாலான இயன்மருத்துவர்களின் இன்றைய கருத்து. நீண்ட நேரம் ஒரே நிலையில் இறுகிநிற்கும் தசையில் இரத்த ஓட்டம் தடைப்படும். உளைவு அங்கேதான் தொடங்குகின்றது.

உளைவு எங்கே உண்டாகின்றது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. மண்டையோட்டின் அடியிலிருந்து நடு முதுகு வரையும், இரு தோள்களின் ஓரம் வரையும் விரிந்து கிடக்கும் பெரிய தசை ஒன்று உண்டு. நம்மவர்கள் "தோளில் கல்லு வைத்தது மாதிரி இருக்குது" என்று கை வைத்துக் காட்டும் இடம் இதன் மேற்பகுதியே. இதன் அடியில், தோட்பட்டை எலும்பின் மேல் மூலையையும் கழுத்தின் மேல் நான்கு எலும்புகளையும் இணைக்கும் மெல்லிய தசை இன்னொன்று. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சமைப்பவர்களுக்கு முதலில் கோபிப்பது இதுவே. நெஞ்சின் முன்புறத்துத் தசைகளோ இதற்கு மாறாக, நாளடைவில் சுருங்கித் தோள்களை முன்னே இழுத்துவிடுகின்றன. பிராகா நகரில் வாழ்ந்த விளாடிமிர் யாண்டா என்னும் வைத்தியர், பிடரியும் நெஞ்சும் இறுகுவதும், கழுத்தின் முன்புறமும் தோட்பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதியும் பலவீனமாவதும் ஒரு குறுக்குச் சிலுவை போல் அமைவதைச் சென்ற நூற்றாண்டில் விவரித்தார். இளமையில் போலியோவால் தாக்கப்பட்டவர் அவர். தசைகளைப் பற்றி அவர் கொண்ட அக்கறைக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இதனை வீட்டில் இருந்தபடியே சோதித்துப் பார்க்கலாம். கதிரையில் நன்றாகக் கூனிக்கொண்டு அமர்ந்து, தொலைபேசி பார்ப்பது போலத் தலையைக் குனிந்து, அந்நிலையிலேயே இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பார்க்கவும். கைகள் முழு உயரத்துக்கு எட்டா. இப்பொழுது நிமிர்ந்து அமர்ந்து மீண்டும் உயர்த்தவும். வித்தியாசம் தெரியும். மூலஸ்தானத்தின் முன் இரு கரங்களையும் சிரமேற் குவிக்கும்பொழுது முழங்கை மடிந்து கைகள் நெற்றியோடு நின்றுவிடுகின்றன என்று கூறும் முதியோரில் ஒரு சாராருக்குத் தோள்மூட்டில் ஒரு குறையும் இருப்பதில்லை. முதுகை நிமிர்த்தினாலே கை எழுந்துவிடும்.

இனி, தொலைபேசியைப் பிடிக்கும் முறை. "போனைத் தொடாதேயுங்கோ அம்மா" என்று தாய்மாருக்குக் கட்டளையிடும் பிள்ளைகள் சிலர் இருக்கின்றனர். இது நியாயமன்று. ஒரு மகள் ரொறொன்ரோவில், ஒரு மகன் லண்டனில், தங்கை யாழ்ப்பாணத்தில் என்று சிதறிக் கிடக்கும் குடும்பத்தில், குளிர்கால இருட்டில் வீட்டில் தனித்திருக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சிறு கண்ணாடிதான் உறவு முழுவதும். அவரிடமிருந்து அதனைப் பறிப்பது கழுத்து நோவைவிடப் பெரிய நோவைக் கொடுக்கும். பிடிக்கும் விதத்தை மாற்றினாலே போதும்.

வீடியோவில் பேசும்பொழுது தொலைபேசியைக் கையில் பிடிக்கவே தேவையில்லை. மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டால் முகம் நேராகத் தெரியும். கைகளும் ஓய்வாக இருக்கும். வாசிக்கையில் மடியில் ஒரு தலையணையை வைத்து, முழங்கைகளை அதில் ஊன்றித் தொலைபேசியை நெஞ்சளவுக்கு உயர்த்திக்கொள்ளல் வேண்டும். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க முயல்வது வீண் வேலை. ஐந்து நிமிடத்தில் தோள் களைத்துவிடும். நெஞ்சளவில் வைத்துக்கொண்டு மீதியைக் கண்களால் தாழ்த்திப் பார்த்தால் போதுமானது. நீண்ட செய்திகளைப் பெருவிரலால் தட்டாமல் குரலாகப் பேசி அனுப்பலாம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் நோவு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். அந்நோயைச் சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவெர்வேன் 1895இலேயே விவரித்துவிட்டார். அப்பொழுது தட்டுவதற்குத் தொலைபேசி இருக்கவில்லை. பெருவிரலை ஓயாது வேலை வாங்கும் எவருக்கும் அது வரும்.

பலரும் கவனியாத ஒரு விடயம் மூக்குக்கண்ணாடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள் அதன் கீழ்ப்பாகத்தால் பார்ப்பதற்காக நாடியைத் தூக்கித் தலையை முன்னே நீட்டுகின்றனர். பார்வைக்கு அவர்கள் குனியவில்லை என்று தோன்றும். கழுத்துக்கு அதுவும் பாரமே. வாசிப்பதற்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வதும், தொலைபேசியில் எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொள்வதும் இவர்களுக்கு எந்தப் பயிற்சியையும்விட முந்திப் பயன் தரும்.

இனிப் பயிற்சிகளுக்கு வருவோம். இவற்றை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நாம் வாழும் இந்த டென்மார்க்கிலேயே நல்ல விடை உண்டு. கொப்பன்ஹேகனில் உள்ள தேசியப் பணிச்சூழல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த லார்ஸ் அண்டர்சனும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. அடிக்கடி கழுத்து, தோள் நோவால் வருந்திய அலுவலக ஊழியர் 198 பேர் அதில் பங்குபற்றினர். அவர்களுள் 174 பேர் பெண்கள். அவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 2 நிமிடமும், இன்னொரு பிரிவினர் 12 நிமிடமும் ரப்பர் பட்டியைக் கொண்டு ஒரேயொரு பயிற்சியைச் செய்தனர். கிழமைக்கு 5 நாள், மொத்தம் 10 கிழமை. மூன்றாம் பிரிவினருக்குக் கிழமைதோறும் உடல்நலத் தகவல்கள் மட்டும் அனுப்பப்பட்டன. பூச்சியத்திலிருந்து 10 வரையுள்ள நோவு அளவுகோலில், தகவல் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், 2 நிமிடம் செய்தோருக்குச் சுமார் 1.4 புள்ளியும் 12 நிமிடம் செய்தோருக்குச் சுமார் 1.9 புள்ளியும் குறைந்தன. ஆறு மடங்கு நேரம் செலவிட்டவர்களுக்குக் கிடைத்த மேலதிக நன்மை அரைப் புள்ளிதான்! நேரமில்லை என்ற சாட்டு இனி எவருக்கும் இல்லை. உடல்நலம் பற்றிய தகவலை வாசித்தவர்கள் வாசித்ததோடு நின்றுவிட்டால் பயனில்லை என்பதும் இவ்வாய்வின் இன்னொரு பக்கம். இப்பகுதியை வாசிப்போருக்கும் அது பொருந்தும்.

அப்பயிற்சி இதுதான். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் நீண்ட ரப்பர் பட்டியின் நடுவில் ஒரு காலால் மிதித்து, இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து நேராக நிற்கவும். முழங்கைகள் சிறிதே மடிந்திருக்கலாம். கைகளைப் பக்கவாட்டில், சற்று முன்புறமாக, தோள் மட்டம் வரை மெதுவாக உயர்த்தவும். பின்னர் அதே வேகத்தில் மெதுவாக இறக்கவும். தோள்கள் காதை நோக்கி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளல் அவசியம். களைப்பு வரும்வரை, மிஞ்சினால் 2 நிமிடம் வரை செய்து நிறுத்தவும். முதற் கிழமையில் மெல்லிய பட்டியோடு தொடங்கி, எளிதாகிவிட்டால் தடித்த பட்டிக்கு மாறலாம். மறுநாள் தசையில் இலேசான உளைவு தோன்றுவது இயல்பு. மூட்டுக்குள் குத்துவது இயல்பன்று.

அடுத்தது நாடியை உள்ளிழுத்தல். நியூசிலாந்து இயன்மருத்துவர் றொபின் மக்கென்சி 1983இல் கழுத்துக்கென வெளியிட்ட கைநூலின் மூலம் இது பல நாட்டு வீடுகளுக்கும் சென்றடைந்தது. நிமிர்ந்து அமர்ந்து நேரே பார்க்கவும். ஒரு விரலை நாடியில் வைத்து, பார்வையை மாற்றாமல், தலை முழுவதையும் நேர் பின்னே நகர்த்தவும். விரலுக்கும் நாடிக்கும் இடையே வெளி தோன்றல் வேண்டும். நாடியின் கீழ் மடிப்பு விழும். முகம் அழகாக இராது. கண்ணாடி முன் செய்யாமலிருப்பது உத்தமம். 5 விநாடி நிறுத்தி விடவும். 10 தடவை. பெரும்பாலானோர் செய்யும் பிழை, தலையைப் பின்னே நகர்த்தாமல் நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்துவது. அது மீண்டும் குனிவதே ஆகும். பேருந்துக்கு நிற்கையிலும், சிவப்பு விளக்கில் கார் நிற்கையிலும் இதனைச் செய்யலாம்.

மூன்றாவது, தோட்பட்டைகளைச் சேர்த்தல். முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து, இரண்டு தோட்பட்டை எலும்புகளையும் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்து, அவற்றுக்கிடையே ஒரு பென்சிலைப் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளவும். 5 விநாடி, 10 தடவை. கீழ்நோக்கி என்பதே இதில் உயிர். குளிர்காலத்தில் வெளியே நடக்கும்பொழுது நம்மவர்கள் தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டே நடக்கின்றனர். வீட்டுக்குள் வந்து மேலங்கியைக் கழற்றிய பின்னரும் தோள்கள் இறங்குவதில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்பொழுது தோளையும் இறக்கிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

நெஞ்சை விரிப்பதற்கு வாசற்கதவு நிலை ஒன்றே போதும். முழங்கைகளைத் தோள் மட்டத்தில் மடித்து, முன்கைகளை நிலையின் இரு பக்கமும் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, நெஞ்சில் இதமான இழுவை தெரியும்வரை முன்னே சாயவும். 30 விநாடி, 3 தடவை. தோள்மூட்டின் முன்புறத்தில் குத்தினால் முழங்கைகளைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளவும்.

முதுகுக்கு, தோட்பட்டை உயரம் வரையே முதுகு சாயும் கதிரை ஒன்றில் அமர்ந்து, கைகளைப் பிடரியில் கோர்த்து, கதிரையின் விளிம்புக்கு மேலாக மெதுவாகப் பின்னே வளையலாம். 10 தடவை. மேலே பார்த்தால் தலை சுற்றுபவர்களும் எலும்பு தேய்வு உள்ளவர்களும் இதனை விட்டுவிடல் வேண்டும். பக்கவாட்டு இழுவை எல்லோருக்கும் ஏற்றது. வலக்கையைக் கதிரைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இடக்காதை இடத்தோளை நோக்கிச் சாய்த்து 20 விநாடி நிற்பது, பின்பு மறுபக்கம். கையால் தலையைப் பிடித்து இழுத்து நெட்டி முறிப்பது கூடாது. முடி வெட்டும் இடங்களில் ஊரில் அப்படிச் செய்தார்களே என்று சிலர் கூறுவர். கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களுக்கு அது தெரியாது.

இவற்றுள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குபவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுவதே வழக்கம். ரப்பர் பட்டியையும் நாடியை உள்ளிழுப்பதையும் மட்டும் முதலில் பிடித்துக்கொண்டு, மற்றவற்றைப் பின்னர் சேர்த்தால் நிலைக்கும். தொலைபேசியில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். நாடகத் தொடர் பார்ப்பவர்களுக்கு விளம்பர இடைவேளை இருந்த காலத்தில் இது தானாகவே நடந்தது. இப்பொழுது அடுத்த பகுதி கேளாமலே தொடங்கிவிடுகின்றது.

கோடாலித் தைலம், சித்தாலேப முதலியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை சூட்டையும் சுகத்தையும் தரும், பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. ஆனால் தேய்ப்பதால் தசை பலம் பெறாது. தேய்த்துவிட்டுப் பட்டியைப் பிடிப்பவருக்கே இரண்டின் பயனும் கிடைக்கும்.

இனி, முன்னர் குறிப்பிட்ட முக்கிய விடயம். தோளில் வரும் நோவெல்லாம் தொலைபேசி நோவன்று. அறுபதை அண்மிய ஒரு தாயாருக்குத் தோள் நோகின்றது. "நெடுக போன் பார்த்தால் அப்படித்தான்" என்று வீட்டார் கூறுகின்றனர். அவரும் அதை நம்பி எண்ணெய் தேய்க்கின்றார். இரண்டு மாதத்தில் சீப்பைப் பின்தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. நான்கு மாதத்தில் சேலைத் தலைப்பைத் தோளுக்கு எடுத்துப் போட முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் நித்திரை கெடுகின்றது. இது தோள்மூட்டு உறைதல். பொஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்ணஸ்ட் கொட்மன் 1934இல் இதற்கு உறைந்த தோள் என்று பெயரிட்டார். மூட்டைச் சூழ்ந்துள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதால் இது உண்டாகின்றது. 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏனையோரைவிடப் பல மடங்கு அதிகம்; சிலருக்கு இரு தோள்களிலும் வரும். நம்மவர் மத்தியில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதனை வேறுபடுத்தி அறிய எளிய வழியொன்று உண்டு. முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 பாகையில் மடித்து, முன்கையைக் கதவு திறப்பது போல வெளிப்புறமாகத் திருப்பவும். தசை உளைவு மட்டும் உள்ளவருக்கு அது திரும்பும். உறைந்த தோளில் திரும்பாது. வேறொருவர் பிடித்து மெதுவாகத் திருப்ப முயன்றாலும் திரும்பாது. அப்படியாயின் மேற்கூறிய ரப்பர் பட்டிப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் குடும்ப வைத்தியரைக் காணல் வேண்டும். நோவு மிகுந்த ஆரம்ப மாதங்களில் மூட்டுக்குள் ஊசி மருந்து ஏற்றுவது பலருக்கு உதவுகின்றது; அதனால்தான் காலந்தாழ்த்தலாகாது. வீட்டில் செய்யக்கூடியது ஊசலாட்டம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சிறு வட்டங்களாக ஆட்டுவது. இந்நோய் பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகளில் தணியும். இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் அவசியம். நீரிழிவு இருப்பதே தெரியாமல் இருந்து, தோளுக்காகச் சென்ற இடத்தில் கண்டறியப்பட்டவர்களும் உண்டு.

வேறு சில அறிகுறிகளும் தாமதிக்கத்தக்கவை அல்ல. கழுத்திலிருந்து கை வழியே விரல்வரை மின்சாரம் பாய்வது போன்ற நோ, விரல்களில் விறைப்பு, கையில் பலக்குறைவு ஆகியன நரம்பு நெருக்கப்படுவதன் குறிகள். சட்டைப் பொத்தான் போடவோ ஊசியில் நூல் கோர்க்கவோ கை தடுமாறுவதும், அதனோடு நடை தள்ளாடுவதும் முள்ளந்தண்டுக்குள் செல்லும் நரம்புத் தண்டே நெருக்கப்படுவதைக் குறிக்கலாம். இது வயதின் கோளாறு என்று விட்டுவிடத்தக்கதன்று. கிழமைக் கணக்கில் அன்றி நாட் கணக்கில் வைத்தியரிடம் செல்லல் வேண்டும். விழுந்த பின் வந்த கழுத்து நோ, காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் வரும் நோ, படுத்தாலும் இரவில் தணியாத நோ என்பனவும் அவ்வாறே.

இடத்தோளிலும் கையிலும் நாடியிலும் பரவும் நோவோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் தோன்றினால் உடனே 112. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பின்பொழுது நெஞ்சு நோ தெளிவாகத் தெரியாமலேயே போகலாம். தோள் பாரமும் களைப்பும் மட்டும் தோன்றக்கூடும். "ஆருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று காலைவரை காத்திருக்கும் பழக்கம் நம் மூத்தவர்களிடம் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அவர்கள் கரைச்சல் கொடுத்தே ஆகவேண்டும். அம்புலன்ஸ் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிச் சென்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இயன்மருத்துவரிடம் செல்ல விரும்புவோர் முதலில் குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற்றுக்கொண்டால் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசின் சுகாதாரக் காப்புறுதி ஏற்கும்; கடிதமின்றி நேரே சென்றால் முழுத் தொகையையும் தாமே செலுத்த நேரிடலாம். மொழி தடையாக உள்ளவர்கள் செல்லுமுன் மூன்று செய்திகளை டேனிஷ் மொழியில் ஒரு தாளில் எழுதுவித்துக் கொண்டு செல்லவும்: நோவு எப்பொழுது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகின்றது, இரவில் நித்திரையைக் கெடுக்கின்றதா என்பன. உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் கூட இருக்கட்டும். எழுதிக் கொடுப்பதற்கும், தொலைபேசியின் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுப்பதற்கும் பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.